எரிந்துபோன இருபத்து மூன்றேகால் டன்

எந்த ஊருக்குப் போனாலும் நாலு முட்டாள்களாவது இருப்பார்கள். ஆனால் அவர்களுக்கென்று தனி அறை ஒதுக்கி, வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுத்து, கதவில் 'அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது' என்று பலகையும் மாட்டி வைத்த பெருமை கன்னிமார்பாளையம் கால்நடைத் தீவன ஆலைக்குத்தான் உண்டு. நாலாவது கோட்டுக்குத் துணி போதாததால் மூன்று பேரோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த அறை ஆலையின் பரிசோதனைக் கூடம். அங்கே ஒரு மிஷின் இருந்தது. பிண்ணாக்கில் ஒரு சிட்டிகை எடுத்து அதற்குள் போட்டால், ஆக்சிஜனில் ஒரே நொடியில் எரிந்து புகையாகிவிடும். புகை குழாய் குழாயாகப் போகும். போகிற வழியில் ஈரம் ஓரிடத்திலும் கரியமில வாயு இன்னோரிடத்திலும் பிடிபட்டுக்கொள்ள, கடைசியில் நைட்ரஜன் மட்டும் தனியாக வந்து சேரும். அது நூற்றுக்கு எவ்வளவு என்று மிஷின் ஒரு சீட்டில் அச்சடித்துத் தள்ளும். அந்த எண்ணை ஆறேகாலால் பெருக்கினால் புரதம். நூறு கிலோ கடலைப் பிண்ணாக்கில் நாற்பத்தைந்து கிலோ புரதமாவது இருந்தால் ஆலை வாங்கிக்கொள்ளும். குறைந்தால் லாரி வந்த வழியே திரும்பிவிடும்.

மிஷின் வந்து இறங்கியபோது, இதை யாரிடம் ஒப்படைப்பது என்று நிர்வாகக் குழு மூன்று மணி நேரம் யோசித்தது. இது எரிக்கிற வேலை. ஆகவே இருபது வருடமாகப் பாய்லருக்கு விறகு போட்ட சென்னியப்பன். இது எடை போடுகிற வேலையும்தான். ஆகவே வாசலில் லாரி எடைமேடையைப் பார்த்துக்கொண்டிருந்த அங்கமுத்து. பக்கத்தில் இரண்டு சிலிண்டர் நிற்கும். ஆகவே கேன்டீனில் கேஸ் மாற்றுகிற திருமூர்த்தி. மூன்று பேரையும் நியமித்து, போண்டாவும் வந்த பிறகுதான், படித்தவர் ஒருவரும் இருந்தால் நன்றாக இருக்குமே என்று யாருக்கோ தோன்றியது. அப்படி வந்தவர் கெமிஸ்ட் பிரபாவதி.

பிரபாவதி மேடம் கெட்டிக்காரர். வந்த முதல் வாரத்திலேயே நிலைமையைப் புரிந்துகொண்டு, மிஷின் பக்கம் தான் மட்டும் நின்றுகொண்டு, மூவரையும் பாட்டில் கழுவ வைத்துவிட்டார். அதனால் இரண்டு வருடம் பாட்டில்களைத் தவிர வேறெதுவும் உடையவில்லை.

ஒரு சனிக்கிழமை, கரூரில் அவருடைய தங்கைக்கு நிச்சயதார்த்தம். அன்றைக்கு எந்த லாரியும் வருவதாக இல்லை. இருந்தாலும் ஒரு முன்னெச்சரிக்கைக்காகச் செய்ய வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் வரி வரியாக எழுதிச் சுவரில் ஒட்டினார்.

"இதுல இருக்கற மாதிரியே செய்யணும். ஒரு வார்த்தை மாறக் கூடாது. ஏதாவது சந்தேகம் வந்தா உடனே எனக்கு ஃபோன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் மூவருக்கும் பிறந்ததிலிருந்து சந்தேகம் என்று ஒன்று வந்ததே இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

பதினொரு மணிக்கு ஒரு லாரி வந்தது. நூற்றிருபது மூட்டை கடலைப் பிண்ணாக்கு, மூட்டைக்கு ஐம்பது கிலோ. லாரியிலிருந்து இறங்கியவள் நஞ்சைப்புதூரில் சின்னதாக ஓர் எண்ணெய் ஆலை நடத்தும் பாவாத்தாள். அவள் பிண்ணாக்கில் கடலைத் தொட்டியை, அதாவது மேல் ஓட்டை, அரைத்துக் கலக்கிறாள் என்று ஒரு கமிஷன் ஏஜென்ட் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். மேனேஜர் தெய்வசிகாமணி அவளை நிற்க வைத்தே பேசினார்.

"இந்த லோடுல நாப்பத்தஞ்சுக்குக் கீழே வந்தா, லிஸ்ட்ல இருந்து உங்க பேரை எடுத்துடுவேன். அஞ்சு மணிக்கு ரிஜிஸ்டர் மூடிடுவேன். அதுக்குள்ள நம்பர் வரணும்."

பாவாத்தாளுக்கு இந்த ஆலையை விட்டால் ஆறு டன் வாங்க வேறு ஆள் கிடையாது. பேர் கெட்டால் செக்கை நிறுத்திவிட வேண்டியதுதான். போதாததற்கு வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. லாரியின் தார்ப்பாயில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. பரிசோதனைக் கூடத்து வாசலுக்கு ஓடினாள்.

"கவலையே படாதே அம்மிணி" என்றார் சென்னியப்பன். "மேடம் இல்லை. நாங்களே பாத்துக்கறோம்."

அதைக் கேட்ட பிறகுதான் பாவாத்தாளுக்கு உண்மையாகவே கவலை வந்தது.

சுவரிலிருந்த தாளின் முதல் வரி: 'எல்லா மூட்டையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒன்றாகக் கலக்கவும்.' மூவரும் லாரியில் ஏறி, நூற்றிருபது மூட்டையிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, ஒன்றாகக் கலந்தார்கள். இதில் எந்தத் தவறும் நடக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் அல்லவா?

இரண்டாவது வரி: 'இனிமேல் அரைக்க முடியாது என்கிற அளவுக்கு அரைக்கவும்.'

அங்கமுத்து கிரைண்டரில் போட்டு அரைத்தான். பிண்ணாக்கு மாவு மாதிரி வந்தது.

"இன்னும் அரைக்க முடியுதாடா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"முடியுதுங்கண்ணா."

"அப்ப இன்னும் ஆகலை."

மறுபடி அரைத்தான். முகத்துப் பவுடர் மாதிரி வந்தது. அப்போதும் அரைக்க முடிந்தது. மறுபடி அரைத்தான். முக்கால் மணி நேரம் போனதும் கிரைண்டரிலிருந்து ஒரு கருகல் வாசனை வந்தது. டப்பென்று ஒரு சத்தம். கிரைண்டர் நின்றுவிட்டது.

"இப்ப அரைக்க முடியலீங்கண்ணா" என்றான் அங்கமுத்து சந்தோஷமாக.

"பாத்தியா, மேடம் எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, இரண்டாவது வரிக்கு நேரே டிக் போட்டார் சென்னியப்பன்.

மூன்றாவது வரியில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. 'முதலில் வெற்றுச் சோதனை. வெள்ளீயத் தாளில் எதுவும் வைக்காமல் மடித்து எரிக்கவும்.' வெள்ளீயத் தாள் என்பது மிட்டாய் சுற்றுகிற தாளைப் போல மெல்லிசானது. பிண்ணாக்கை அதில் பொட்டலமாக மடித்துத்தான் மிஷினுக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வெறும் பொட்டலம்.

"எதுவும் வைக்காமன்னா, எதை வைக்காம?" என்று கேட்டான் திருமூர்த்தி.

"பிண்ணாக்கை வைக்காம."

"பிண்ணாக்கை மட்டும் வைக்காம இருந்தாப் போதுங்களா? தவிட்டை வெச்சுடலாமா?"

"தவிட்டையும் வைக்கக் கூடாதுடா."

"அப்ப மக்காச்சோளத்தை?"

சென்னியப்பன் யோசித்தார். திருமூர்த்தி கேட்பதில் நியாயம் இருந்தது. 'எதுவும்' என்று மேடம் எழுதியிருக்கிறார். எது எதுவெல்லாம் என்று தெரியாமல் அதை எப்படி வைக்காமல் இருப்பது? ஒன்றை மறந்துபோய் வைத்துவிட்டால்?

அங்கமுத்து ஸ்டோருக்கு ஓடிப் போய் இருப்புப் புத்தகத்தை வாங்கி வந்தான். ஆலையில் இருக்கிற அத்தனை பொருளும் அதில் எழுதியிருந்தது. சென்னியப்பன் வாசிக்க, அங்கமுத்து வெள்ளீயத் தாளைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்க, திருமூர்த்தி பக்கத்திலிருந்து சரிபார்த்தான்.

"எள்ளுப் பிண்ணாக்கு."

"வைக்கலீங்கண்ணா."

"பருத்திக்கொட்டை."

"வைக்கலை."

"தாது உப்பு."

"வைக்கலை."

"வெல்லப்பாகு, நாலு டிரம்."

"நாலையும் வைக்கலீங்கண்ணா."

"பழைய லாரி டயர், ரெண்டு."

அங்கமுத்து தாளை ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொண்டான். "வைக்கலை."

மணி ஒன்றரை ஆனபோது பாவாத்தாள் கதவைத் தட்டினாள்.

"ஏனுங்கண்ணா, பிண்ணாக்கு எரிச்சாச்சுங்களா?"

"அவசரப்படாதே அம்மிணி. நாப்பத்தேழு சாமானை இப்பத்தான் வைக்காம முடிச்சிருக்கோம். இன்னும் பதினொண்ணு பாக்கி."

பாவாத்தாள் லாரிக்குப் போய் தார்ப்பாயின் ஓட்டையில் ஒரு சாக்கைச் செருகினாள்.

மீதிப் பதினொன்றையும் வைக்காமல் முடித்து, பொட்டலத்தை மடித்து எரித்தார்கள். மிஷின் பூஜ்யம் என்று சீட்டுத் தந்தது. ஒன்றைக்கூடத் தவறிப்போய் வைத்துவிடவில்லை என்று மூவருக்கும் நிம்மதி.

நான்காவது வரி: 'காற்று புகக் கூடாது. காற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கு நைட்ரஜன்தான். புகுந்தால் எல்லாம் கெட்டது.'

எங்கே புகக் கூடாது என்று மேடம் எழுதவில்லை. ஆகவே அறைக்குள்ளேயே இருக்கக் கூடாது என்று முடிவானது.

டேபிள் ஃபேனை ஜன்னலைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். அது ஒரு மணி நேரமாகக் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. திருமூர்த்தி அவ்வப்போது ஃபேனுக்கு முன்னால் கையை நீட்டிப் பார்த்தான்.

"இன்னும் வருதுங்கண்ணா."

"உள்ள இருக்கற வரைக்கும் வரத்தான்டா செய்யும். முழுசாத் தள்ளட்டும்."

மணி இரண்டேமுக்கால் ஆனது. காற்று வந்துகொண்டே இருந்தது. இந்தச் சின்ன அறைக்குள் இவ்வளவு காற்றை எப்படி அடைத்தார்கள் என்று அங்கமுத்து ஆச்சரியப்பட்டான். கடைசியில் ஃபேன் சூடேறிவிட்டது என்று திருமூர்த்தி ஸ்விட்சை அணைத்தான். அணைத்துவிட்டுக் கையை நீட்டிப் பார்த்தான்.

"அண்ணா! நின்னுடுச்சு! சுத்தமா வரலை!"

சென்னியப்பனும் வந்து கையை நீட்டிப் பார்த்தார். ஒரு துளி வரவில்லை. ஜன்னலைச் சட்டென்று சாத்தித் தாழ் போட்டார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அங்கமுத்துவின் முகம் மாறியது.

"அண்ணா, அறையில காத்தே இல்லைன்னா, நாம எதைங்கண்ணா மூச்சு விட்டுட்டு இருக்கோம்?"

மூவருக்கும் ஒரே நேரத்தில் மூச்சுத் திணறியது. கதவைத் தள்ளிக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வெளியே ஓடி வந்து, வேப்பமரத்தடியில் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள்.

பாவாத்தாள் ஓடி வந்தாள். "என்னப்பா ஆச்சு? கேஸ் லீக்கா?"

"இல்லீங்க்கா. உள்ள காத்து இல்லை" என்றான் அங்கமுத்து.

"கரண்டு போயிடுச்சா?"

"கரண்டு இருக்குதுங்க்கா. காத்துதான் தீந்து போச்சு. நாங்களே தீர்த்துட்டோம்."

பாவாத்தாள் கதவுக்குள் தலையை நீட்டி, நன்றாக மூச்சை இழுத்து விட்டாள். "இருக்குதேப்பா?"

சென்னியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீ வெளியில இருந்து கொஞ்சம் கொண்டு வந்துட்டியே அம்மிணி!"

மறுபடி ஃபேனைப் போட்டு, மறுபடி அணைத்து, மறுபடி ஜன்னலைச் சாத்தினார்கள். இந்த முறை ஐந்து நிமிடத்திலேயே முடிந்துவிட்டது, பழக்கம்தான் காரணம். அதற்குப் பிறகு கிணற்றில் முங்குகிறவர்களைப் போல, வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிக் கொஞ்சம் வேலை செய்துவிட்டு, வெளியே வந்து மூச்சு விட்டார்கள்.

இப்படித்தான் எடை போட வேண்டியிருந்தது. ஐந்தாவது வரி: 'ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு எடுக்கவும். எடை போடும்போது மூச்சு விடக் கூடாது, தராசு ஆடும்.' மேடமும் மூச்சு விடக் கூடாது என்றுதானே எழுதியிருக்கிறார் என்று மூவருக்கும் தெம்பு வந்தது.

அங்கமுத்து எடை போட்டவற்றில் இதுவரை மிகச் சின்னது ஒரு டிராக்டர். பழக்க தோஷத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசில் சிட்டிகைப் பிண்ணாக்கை வைத்ததும், "டிரைவர் இறங்கிக்கங்க" என்றான். சொன்னதில் மூச்சு வெளியே போய்விட்டது. எண் ஆடியது. வெளியே ஓடி வந்தான்.

"அண்ணா, நம்பர் நிக்கறதுக்குள்ள எனக்கு மூச்சு முட்டுது. எனக்கும் சேர்த்து நீங்க வெளிய நின்னு விடுங்க."

இது நல்ல ஏற்பாடாகப் பட்டது. அங்கமுத்து உள்ளே போனதும் சென்னியப்பன் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, தனக்கொன்று அவனுக்கொன்று என்று இரட்டிப்பாக மூச்சு விட்டார். நாலாவது நிமிடத்தில் அவருக்குத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். உள்ளேயும் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. ஆனால் எடை சரியாக நின்றிருந்தது. பொட்டலம் தயார்.

மிஷினுக்குள் இருந்த சூளை, மேடம் போட்டுவிட்டுப் போனபடியே தொள்ளாயிரத்து ஐம்பது டிகிரியில் தகதகவென்று இருந்தது. பொட்டலத்தைப் போட்டு மூடியை மூடினார்கள். காற்று புகாமல் பார்த்துக்கொள்வது திருமூர்த்தியின் பொறுப்பு.

திருமூர்த்தி பொறுப்பானவன். காற்று ஏதாவது புகுந்திருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தான். எதுவும் கண்ணில் படவில்லை. மூடினான். மூடின பிறகு புகுந்திருந்தால்? மறுபடி திறந்து பார்த்தான். அப்போதும் எதுவும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தான். மிஷினில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. தன்னைப் பாராட்டத்தான் எரிகிறது என்று நினைத்து, இன்னும் ஆறேழு முறை திறந்து பார்த்தான்.

மிஷின் சீட்டைத் தள்ளியது. நைட்ரஜன் எழுபத்தெட்டு.

ஆறாவது வரி: 'இரண்டு முறை செய்யவும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.' இரண்டாவது பொட்டலத்தை எரித்தார்கள். திருமூர்த்திக்குக் கை வலித்ததால் இந்த முறை கொஞ்சம் குறைவாகத்தான் திறந்து பார்த்தான். எழுபத்தொன்று.

எழுபத்தெட்டும் எழுபத்தொன்றும் ஒத்துப்போகவில்லை. சென்னியப்பன் கீழே ஒரு துண்டை விரித்து, ஒரு பக்கம் ஒரு சீட்டையும் எதிர்ப்பக்கம் இன்னொரு சீட்டையும் வைத்து, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஊரில் எத்தனையோ பங்காளித் தகராறைத் தீர்த்து வைத்தவர் அவர்.

"ரெண்டு பேரும் ஒரே பிண்ணாக்குல பொறந்தவங்க. உங்களுக்குள்ள என்ன சண்டை?" என்று சீட்டுகளைக் கேட்டார்.

"எழுபத்தொண்ணு கொஞ்சம் விட்டுக் கொடுக்கலாங்கண்ணா" என்றான் திருமூர்த்தி.

"ஏன், எழுபத்தெட்டு இறங்கி வரட்டுமே. பெரியவங்கதானே விட்டுக் கொடுக்கணும்?" என்றான் அங்கமுத்து.

கால் மணி நேரம் பேசியும் சீட்டுகள் இரண்டும் வாயைத் திறக்கவில்லை. மூத்தது எழுபத்தெட்டு, முதலில் வந்தது. இளையதுதான் அடங்கிப் போக வேண்டும் என்று தீர்ப்பானது. எழுபத்தொன்றை மடித்து எழுபத்தெட்டுக்கு அடியில் வைத்தார்கள். அது எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே ஒத்துப்போய்விட்டது.

எழுபத்தெட்டை ஆறேகாலால் பெருக்கியபோது மணி நாலரை. புரதம் நானூற்று எண்பத்தேழரை.

"அம்மிணி! உன்ற பிண்ணாக்குப் பாஸு! நானூத்தி எம்பத்தேழரை!" என்று கூவிக்கொண்டே வந்தார் சென்னியப்பன்.

பாவாத்தாள் அதைக் கேட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவள் முப்பது வருடமாகப் பிண்ணாக்கோடு பழகியவள். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"ஏனுங்கண்ணா, நூறு கிலோவுக்குள்ள எப்படிங்க நானூத்தி எம்பத்தேழரை கிலோ இருக்கும்?"

சென்னியப்பன் சிரிப்பை நிறுத்தினார். எப்படி இருக்கும்? அங்கமுத்துவைக் கூப்பிட்டு ஒரு மூட்டையை எடை போடச் சொன்னார். ஐம்பது கிலோ. இந்த ஒரு மூட்டையில் மட்டும் இருநூற்று நாற்பத்து மூன்றே முக்கால் கிலோ புரதம் இருக்க வேண்டும் என்று மிஷின் சொல்கிறது. மூட்டைக்கு நூற்றுத் தொண்ணூற்று மூன்றே முக்கால் கிலோ குறைகிறது. நூற்றிருபது மூட்டைக்குமாகச் சேர்த்துப் பார்த்தார்கள். இருபத்து மூன்றேகால் டன்.

"அம்மிணி" என்றார் சென்னியப்பன், குரலைத் தாழ்த்தி. "பாக்கி இருபத்து மூணேகால் டன்னை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கே?"

"என்னது?"

"உங்களை நல்லவங்கன்னு நினைச்சேனுங்க்கா" என்றான் திருமூர்த்தி வருத்தமாக.

லாரியைச் சோதனை போட்டார்கள். தார்ப்பாய்க்கு அடியில் பார்த்தார்கள். டிரைவர் சீட்டுக்குக் கீழே பார்த்தார்கள். டிரைவரின் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்தார்கள். அதில் ரசம் சாதம்தான் இருந்தது. அங்கமுத்து அதையும் கிளறிப் பார்த்தான்.

"இந்தக் கேஸை மேனேஜர்கிட்டச் சொல்லி உன்ற பேரை எடுத்துட வேண்டியதுதான்" என்றார் சென்னியப்பன்.

பாவாத்தாளின் மூக்கில் மழைத்துளி ஒன்று விழுந்தது. மணி நாலே முக்கால். தொட்டி கலந்தாய் என்ற பழியோடு வந்தவள், இப்போது இருபத்து மூன்றேகால் டன் திருடிய பழியோடு திரும்ப வேண்டும் போலிருந்தது.

"பிரபாவதி மேடத்துக்கு ஒரு ஃபோன் போடுங்கண்ணா, புண்ணியமாப் போகும்."

"சந்தேகம் வந்தாத்தான் போடச் சொல்லியிருக்காங்க. எங்களுக்குத்தான் சந்தேகமே இல்லையே."

பாவாத்தாள் ஒரு நிமிடம் யோசித்தாள். இவர்களிடம் கணக்குப் பேசிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நிதானமாகக் கேட்டாள்.

"சரிங்கண்ணா. மிஷினுக்குள்ள போட்டீங்களே, அந்தப் பிண்ணாக்கு எங்கே?"

"எரிஞ்சு போச்சு."

"எரிக்கறதுக்கு முன்னால இருந்துதுங்களா?"

"இருந்துது."

"இப்ப?"

"இல்லை."

"அப்ப என்ற இருபத்து மூணேகால் டன்னை எரிச்சுப் போட்டுட்டு, எங்கேன்னு என்னையே கேக்கறீங்களா?"

திருமூர்த்தி மெதுவாக உள்ளே போய், மிஷினின் சாம்பல் கிண்ணத்தை எடுத்து வந்தான். அதில் ஒரு சிட்டிகை சாம்பல் இருந்தது. மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"அத்தனையும் எரிஞ்சு இவ்வளவுதான் மிஞ்சியிருக்கு" என்றான் அங்கமுத்து. அவன் கண் கலங்கிவிட்டது.

சென்னியப்பன் வியர்த்துப்போனார். இருபது வருடம் பாய்லரில் எரித்தபோதுகூட ஒரே நாளில் இத்தனை டன் எரித்ததில்லை. அதுவும் ஒரு பொம்பளையின் சரக்கை.

"அம்மிணி, தெரியாமப் பண்ணிட்டோம். மூணு பேரும் பிள்ளைகுட்டிக்காரங்க. இதைப் பெரிசாக்கிடாதே."

"பெரிசாக்கலை. இருக்கறதையாவது ஏத்துக்கிட்டதா எழுதிக் கொடுங்க. போனது போகட்டும்."

அவளுடைய பெருந்தன்மையைக் கண்டு மூவரும் கும்பிட்டார்கள். சென்னியப்பன் ரிஜிஸ்டரில் 'நைட்ரஜன் 78, புரதம் 487.5, ஏற்றுக்கொள்ளலாம்' என்று எழுதினார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். ஆகவே குறிப்பு என்ற இடத்தில், 'சோதனையின்போது இருபத்து மூன்றேகால் டன் எரிந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை' என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது ரிஜிஸ்டர் மேனேஜரின் மேசைக்குப் போனது.

"நாப்பத்தஞ்சுக்குக் கீழே இல்லையே?" என்று கேட்டார் தெய்வசிகாமணி.

"இல்லீங்க சார்" என்றார் சென்னியப்பன்.

மேனேஜர் கடைசி இரண்டு வார்த்தையை மட்டும் படித்து, உயிர்ச்சேதம் இல்லை என்பதில் திருப்தியடைந்து கையெழுத்துப் போட்டார். கடைசி மூட்டை கிடங்குக்குள் போகவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

திங்கட்கிழமை பிரபாவதி மேடம் வந்தார். ரிஜிஸ்டரைப் பார்த்தார். உட்கார்ந்தார். அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. பிறகு மிச்சமிருந்த மாவை எடுத்து, தானே எடை போட்டு, தானே மடித்து, தானே எரித்தார். இரண்டு முறையும் நைட்ரஜன் ஏழு புள்ளி மூன்று ஆறு. புரதம் நாற்பத்தாறு. பாவாத்தாளின் பிண்ணாக்கில் தொட்டி இல்லை, தூசி இல்லை, ஒரு குறையும் இல்லை. மேனேஜரே அதைப் பார்த்து, லிஸ்டில் அவள் பெயருக்கு நேரே நட்சத்திரக் குறி போட்டார்.

"நீங்க மூடியைத் திறந்து திறந்து பாத்ததுல உள்ள போன காத்தைத்தான் மிஷின் அளந்திருக்கு. புரியுதா?" என்று மேடம் நடந்ததை விசாரித்து, மூவரையும் நிற்க வைத்து விளக்கினார். மூவரும் தலையை ஆட்டினார்கள்.

அவர் டீ குடிக்கப் போனதும் சென்னியப்பன் மற்ற இருவரையும் கிட்டே கூப்பிட்டார்.

"பாத்தீங்களாடா? சனிக்கிழமை நானூத்தி எம்பத்தேழரை. இன்னிக்கு நாப்பத்தாறு. மீதி எல்லாம் எரிஞ்சு போனது மேடம் கையாலயே தெரிஞ்சு போச்சு."

"நம்மகிட்ட மறைக்கப் பாக்கறாங்க, பாவம். நம்ம மனசு கஷ்டப்படும்னு" என்றான் திருமூர்த்தி.

அவர்கள் மனம் உண்மையிலேயே கஷ்டப்பட்டது. ஒரு பொம்பளையின் சரக்கை எரித்துவிட்டு எப்படிச் சோறு இறங்கும்? மூன்று நாள் கூடிப் பேசினார்கள். எரிந்தது புகையாயிற்று. புகை சுவரிலிருந்த குழாய் வழியாக வெளியே போயிற்று. போன வழி அதற்குத் தெரியும். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் திரும்பி வரத்தானே வேண்டும்?

வியாழக்கிழமை காலை, புகைக்குழாயின் வெளிமுனையில் ஒரு சணல் சாக்கு வாயைத் திறந்தபடி கட்டப்பட்டிருந்தது. அங்கமுத்து தினமும் காலையில் அதை அவிழ்த்து எடை போட்டான். அறுநூறு கிராம், வெறும் சாக்கின் எடை. அடுத்த நாளும் அறுநூறு. பதினெட்டு நாள் அறுநூறுதான். பத்தொன்பதாம் நாள் விடியலில் நல்ல பனி. அறுநூற்றுப் பத்து.

சென்னியப்பன் உடனே நஞ்சைப்புதூருக்கு ஃபோன் போட்டார்.

"அம்மிணி, வர ஆரம்பிச்சிடுச்சு! பத்து கிராம் வந்திருக்கு. எப்ப வந்து எடுத்துக்கறே?"

அந்தப் பக்கம் செக்கு ஓடுகிற சத்தம் கேட்டது.

"இருக்கட்டுங்கண்ணா" என்றாள் பாவாத்தாள். "மீதியும் வந்து சேரட்டும். ஒரே நடையா லாரி அனுப்பறேன்."

சென்னியப்பன் ஃபோனை வைத்துவிட்டு, நல்ல மனசு என்றார். அங்கமுத்து சாக்பீஸால் தரையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணா, நாளைக்குப் பத்து கிராம்னு வெச்சா, முழுசும் வர ஆறாயிரத்து முந்நூத்தி எழுபது வருசம் ஆகுங்கண்ணா."

சென்னியப்பன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அவர் முகம் வாடிப்போனது.

"எனக்கு வர்ற சித்திரையோட ரிட்டயர்மென்ட்டுடா" என்றார். "லாரி வர்றப்ப நீதான் கிட்ட இருந்து ஏத்தி விடணும்."